மந்திரிச்சது

இன்று காலை முதல் கேஸுக்கு வந்த பெண் முழங்கைக்கு மேலே ஒரு கயிறு கட்டியிருந்தாள். எண்ணெயும் வியர்வையும் ஏறிக் கயிறு தோல்வார் போலக் கறுத்திருந்தது. முடிச்சு இறுகிப்போய் அவளால் அவிழ்க்க முடியவில்லை. நான்தான் நகத்தால் நெம்பி அவிழ்த்து, அதில் கோத்திருந்த செம்புத் தாயத்தை அவள் மகளின் கையில் கொடுத்தேன். அப்புறம் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் விரல் நுனியில் செம்பு வாசனை போகவில்லை. டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனபோது மூக்கில் ஏறியது. உடனே நீ வந்துவிட்டாய்.

நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. எட்டு வருஷம் ஒரே அறையில் எதிரும் புதிருமாக நின்று வேலை பார்த்தவர்களுக்குள் கடிதத்துக்கு என்ன வேலை?

அந்த அறை உனக்கு நினைவிருக்கும். ஊர் நடுவே ஓடுகிற பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, இரண்டாவது தெருவில், பழைய வீடு ஒன்றை இடித்துக் கட்டிய நர்சிங் ஹோம். பன்னிரண்டு கட்டில், ஒரு தியேட்டர். தியேட்டருக்கு முன்னால் ஒரு மறைப்புத் திரையும் பெஞ்சும் எடை பார்க்கும் மெஷினும் போட்ட சின்ன அறை. ஆபரேஷனுக்குப் போகிறவர்களைத் தயார் செய்வது அங்கேதான். நாம் இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ நெல்லித்தோப்பு, உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தெருவே அவரை ‘முசே’ என்று பிரெஞ்சு மரியாதையில் கூப்பிடும். நான் முதலியார்பேட்டை; என் அப்பா மில் மூடும்வரை மில்லிலும், மூடிய பிறகு ஒரு ஓட்டல் வாசலில் வாட்ச்மேனாகவும் இருந்தவர். என்னைவிட நீ ஒரு மாதம் பெரியவள். வேலையைத் தள்ளிவிட வேண்டிய நேரங்களில் மட்டும் அதைச் சொல்லி அக்கா ஆகிவிடுவாய்.

சேர்ந்த முதல் வாரம். விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் குடலிறக்கத்துக்கு வந்திருந்தார். தியேட்டருக்குள் உலோகமும் கயிறும் போகக் கூடாது. நகை நட்டு ஏதாவது இருக்கிறதா என்று நான் கேட்டேன். என்னிடம் ஏது நகை என்று அவர் கையை விரித்தார். நீ பக்கத்தில் வந்து, பெஞ்சில் அவரோடு உட்கார்ந்து, ஊர்க்கதை கேட்கிற குரலில் கேட்டாய்.

“மந்திரிச்சது ஏதாவது ஒடம்புல இருக்குதா பெரியவரே?”

அரைஞாணிலிருந்து ஒரு தகடு வந்தது. மடியிலிருந்து வாடிய எலுமிச்சம்பழம் ஒன்று. காது மடலின் பின்னால் ஒட்டியிருந்த ஒரு பூவிதழையும் அவர் எடுத்துக் கொடுத்தார். அதை நான் பார்க்கவே இல்லை.

எனக்கு அந்தச் சொல்லே கூச்சமாக இருந்தது. எங்கள் வீட்டில் ‘மந்திரிக்கிறது’ என்றால் பயந்த விஷயம். குழந்தைக்குக் காய்ச்சல் நிற்கவில்லை என்றால் யாரிடமோ கொண்டுபோய் மந்திரித்து வருவார்கள். அதை அக்கம்பக்கத்தில் சொல்ல மாட்டார்கள். ஒருத்தன் பிரமை பிடித்த மாதிரி நின்றால் மந்திரிச்சு விட்ட கோழி என்பார்கள். நர்சிங் படித்த பெண் வாயில் வரக்கூடிய வார்த்தையா அது என்று உன்னிடம் கேட்டேன்.

நீ கட்டுப் போடுகிற காஸ் துணியை மடித்துக்கொண்டே சிரித்தாய். உன் வீட்டில் அது தினசரி வார்த்தை. புது வீட்டை மாதா கோயில் சாமியார் வந்து மந்திரிப்பார். வண்டி வாங்கினால் கோயில் வாசலில் நிறுத்தி மந்திரிப்பார்கள். செபமாலை, மெழுகுவர்த்தி, உப்பு, தண்ணீர், எல்லாமே மந்திரித்தது, மந்திரிக்காதது என்று இரண்டு வகை. அப்பா பிரெஞ்சில் ‘பெனி’ என்று சொல்வதற்கு வீட்டில் தமிழ் அதுதான் என்றாய். கோயிலில் இப்போதெல்லாம் அர்ச்சிப்பது, புனிதப்படுத்துவது என்று மாற்றிவிட்டார்களாம். அப்பா மட்டும் மாறவில்லை.

“எல்லார் வீட்லயும் இருக்குற வார்த்தைடி. உங்க ஆளு கயித்த மந்திரிப்பாரு, பாய் தகட்ட மந்திரிப்பாரு, எங்க சாமியாரு மெடல மந்திரிப்பாரு. வேற எந்த வார்த்தைக்கு மூணு பேரும் திரும்பிப் பாப்பாங்க, சொல்லு?” என்றாய்.

 ஆனாலும் நான் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளவில்லை.

உடம்பை விட்டு இறக்கக் கூடாது என்று சொல்லிக் கட்டியது சில பேரிடம் இருக்கும். அவர்கள் கழற்ற மாட்டேன் என்று அழுவார்கள். நான் விதியைச் சொல்லுவேன். நீ விதியைப் பற்றிப் பேசவே மாட்டாய். “ஒடம்ப விட்டுத்தானே எறங்கக் கூடாது? என் ஒடம்புல இருக்கட்டும். நீ உள்ள போயிட்டு வர வரைக்கும் நான் போட்டுக்கிறேன்” என்பாய். சொன்னபடியே போட்டுக்கொள்வாய். உன் மாதா மெடலோடு எத்தனை கயிறும் தாயத்தும் அந்தக் கழுத்தில் ஏறி இறங்கியிருக்கின்றன! மயக்கம் தெளிந்து கண் திறக்கிறவர்கள் முதலில் உன் கழுத்தைத்தான் பார்ப்பார்கள்.

நாலாவது வருஷம் புது மேனேஜர் வந்தார். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தவர். நமக்கும் தரச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் ஃபாரம் கொண்டுவந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க ஒரு ஃபாரம். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்க ஆள் தேடினார்கள். பிளஸ் டூவில் தமிழில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவள் என்று நானே போய் நின்றேன். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். நகைகள், பல் செட், கண்ணாடி. அதற்கு அடுத்த வரிசைக்கு ‘புனிதப் பொருட்கள்’ என்று போட்டேன். எழுதிவிட்டு எனக்கே பெருமையாக இருந்தது.

நீ அந்தத் தாளை வாங்கிப் படித்தாய். இந்த வரி ஆகாது என்றாய். யாரும் தன் இடுப்பில் இருப்பதைப் புனிதப் பொருள் என்று நினைத்துக் கட்டுவதில்லை, கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள் என்றாய். அச்சடித்த ஃபாரத்தில் மந்திரம் மாந்திரீகம் என்றெல்லாம் போட முடியாது என்றேன். படித்தவர்கள் பார்ப்பார்கள், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள். நீ விடவில்லை. பேச்சு முற்றியது. மேனேஜர் அறை வாசலில், ரிசப்ஷன் பெண்ணுக்குக் கேட்கும்படி நான் சொன்னேன்:

“நீயே மந்திரிச்சு விட்ட கோழி மாதிரி அதே வார்த்தையச் சுத்திச் சுத்தி வரே.”

நீ தாளை மேஜையில் வைத்துவிட்டு, அது பறக்காமல் இருக்க ஸ்டேப்ளரையும் மேலே வைத்துவிட்டுப் போனாய். ஃபாரம் நான் எழுதியபடியே அச்சாகி வந்தது.

இரண்டு மாதம் கழித்து அஞ்சலாட்சி வந்தாள். வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிறவள், கழுத்துக் கட்டிக்காக. உனக்கு அன்று மதிய டூட்டி. நான்தான் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு போனேன். திரைக்குப் பின்னால் தானே கவுன் மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வரிசையாகப் படித்தேன். புனிதப் பொருட்கள் ஏதாவது அணிந்திருக்கிறீர்களா என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“புனிதமா? மீன் வெட்டுறவ மேல இன்னாம்மா புனிதம் இருக்கப் போவுது?”

நானும் சிரித்துக்கொண்டே ‘இல்லை’ என்று டிக் போட்டேன்.

மதியம் அவளை வெளியே கொண்டுவந்தபோது ரெக்கவரி அறையில் நீ இருந்தாய். பக்கவாட்டில் புரட்டிப் படுக்க வைத்தவள், என்னைக் கூப்பிட்டாய். கத்தவில்லை. வலது இடுப்பில், கவுன் நாடாவுக்குள் சுருட்டி மறைந்திருந்த கறுப்புக் கயிற்றின் கீழே, எட்டணா அகலத்துக்குத் தோல் வெந்து வெளுத்திருந்தது. கயிற்றில் ஒரு செம்புத் தகடு. ரத்தத்தை நிறுத்தச் சூடு வைக்கிற காட்டரி மெஷினின் மின்சாரம், மேஜையைத் தொட்டுக்கொண்டிருந்த தகடு வழியே பாய்ந்திருக்கிறது.  நீ கயிற்றைக் கத்தரிக்காமல் நிதானமாக முடிச்சை அவிழ்த்தாய். தகட்டை ஸ்பிரிட்டில் துடைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாய். அப்புறம்தான் டாக்டருக்குச் சொல்லப் போனாய்.

மறுநாள் காலை அஞ்சலாட்சிக்குக் குரல் கரகரவென்று திரும்பியிருந்தது. புண்ணுக்கு மருந்து போட நாம் இருவரும் போனோம். புண்ணைப் பற்றி அவள் கேட்கவில்லை. கை இடுப்பைத் தடவித் தேடியது. மகனின் படகு எஞ்சின் நின்றுபோய் இரண்டு நாள் கடலில் காணாமல் போய்த் திரும்பி வந்தபோது கோட்டக்குப்பத்தில் ஒரு பாய் கொடுத்த தகடு அது. மகன் கல்யாணம் ஆகும்வரை இறக்கக் கூடாது. நீ உன் கழுத்திலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தாய். “ஒடம்ப விட்டு எறங்கலம்மா. என்கிட்டதான் இருந்துச்சு.”

அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“மந்திரிச்சது இருக்குதான்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேம்மா. நீ இன்னாவோ கேட்ட. எனக்கு இல்லைன்னு தோணிச்சு, இல்லைன்னேன்.”

அன்று மத்தியானம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். நோயாளியிடம் முறைப்படி கேட்கப்பட்டது, நோயாளி மறைத்துவிட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டால் என் மேல் ஒன்றும் வராது, நிர்வாகத்துக்கும் நல்லது. பேனாவை வாங்கிக்கொண்டு நம் அறைக்கு வந்தேன். பொய் இல்லையே, கேட்டேன்தானே என்று உன்னிடம் சொன்னேன். வீட்டில் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அது உனக்குத் தெரியும். நான் சொன்னது சரிதான் என்று நீ சொல்லிவிட மாட்டாயா என்று உன் முகத்தையே பார்த்தேன்.

“கேட்டேன்னு எழுது,” என்றாய். “என்ன வார்த்தையில கேட்டேன்னும் எழுது. அவங்க என்ன சொன்னாங்கன்னும் எழுது. அதுக்கு மேல ஒன்னும் வேணாம்.”

எழுதினேன். மீன் வெட்டுகிறவள் மேல் ஏது புனிதம் என்று அவள் சொன்னதையும், நான் சிரித்ததையும், டிக் போட்டதையும் எழுதினேன். மேனேஜர் படித்துவிட்டுத் தாளைத் தூக்கி எறியாத குறை. டாக்டர் படித்தார். எனக்கு மெமோ கொடுக்கச் சொன்னார். அப்புறம் தானே அஞ்சலாட்சியின் கட்டிலுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். அவர் பின்னால் நானும் போனேன். என் தப்பு என்று அவளிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து, நீ இன்னா வேணும்னா செஞ்ச என்றாள். புண் ஆறுகிறவரை தினமும் அவளுக்குக் கட்டு மாற்றியது நான்தான். தழும்பு நின்றுவிட்டது.

அச்சான ஃபாரங்களை வீணாக்க முடியாது என்று மேனேஜர் சொன்னார். அதனால் டூட்டி முடிந்த ஒரு சாயங்காலம், பெஞ்சில் நீ ஒரு முனை, நான் ஒரு முனை, நடுவே ஃபாரக் கட்டுகள். ஒவ்வொன்றிலும் ‘புனிதப் பொருட்கள்’ என்ற எழுத்துக்கு மேலே பால் பாயிண்ட் பேனாவால் ‘மந்திரிச்சது’ என்று எழுதிக்கொண்டே போனோம். மந்திரித்தது என்று எழுதட்டுமா என்று நான் கேட்டதற்கு நீ பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் அதைக் காட்டி, இது என்ன சார் என்று டாக்டரைக் கேட்டபோது, அவர் தன் பூணூலை விரலால் தூக்கிக் காட்டி, “என்னைப் படுக்க வச்சாலும் சிஸ்டர் இதத்தான் கேப்பாங்க” என்றாராம். சான்றிதழ் கிடைத்தது.

அந்தச் சாயங்காலத்தில்கூட கோழி என்று சொன்னதற்கு உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. நீ ஏதோ சினிமா பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய்.

உன் அக்காக்கள் இருவரும் பிரான்சுக்குப் போய் வெகு காலம். அப்பா வழியில் உனக்கும் அந்த நாட்டுக் குடியுரிமை இருந்தது. அங்கே நர்ஸ் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று அவர்கள் போனில் நச்சரிப்பார்கள். அப்பாவை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்பாய். ஒருநாள் மட்டும் வேறு காரணம் சொன்னாய். “அங்க நான் யாரப் போய் என்னன்னு கேக்குறது?”

உன் வயிற்று வலியை நீ வாயு என்று சொல்லிக்கொண்டே நாலு மாதம் ஓட்டினாய். நோயாளிகள் பொய் சொன்னால் கண்டுபிடிக்கிற நீ, எங்களிடம் அழகாகப் பொய் சொன்னாய். ஸ்கேன் எடுத்தபோது கட்டி பெரிதாக இருந்தது. வேறு எங்கும் போக மாட்டேன், நம் டாக்டர்தான் செய்ய வேண்டும் என்றாய். அன்று காலை அதே பெஞ்சில் பச்சைக் கவுனில் நீ உட்கார்ந்திருந்தாய். நான் ஃபாரத்தோடு நின்றேன். நகை, பல் செட், கண்ணாடி எல்லாம் கேட்டேன். அடுத்த வரிக்கு வந்ததும் ஃபாரத்தை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டேன். நீ காத்திருந்தாய்.

“மந்திரிச்சது ஏதாவது இருக்குதாடி?”

“ஒழுங்கா கேக்குறியான்னு பாக்கத்தான் உக்காந்திருந்தேன்” என்று மெடலைக் கழற்றினாய். நான் கையை நீட்டினேன். கையில் தரவில்லை. தலையைக் குனியச் சொல்லி என் கழுத்தில் நீயே போட்டுவிட்டாய். அது நான் நினைத்ததைவிட லேசாக இருந்தது.

நாலு மணி நேரம் அது என் மேல் இருந்தது. வெளியே கொண்டுவந்தார்கள். ரொம்ப நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாய். பார்வை எங்கெங்கோ போய், கடைசியில் என் கழுத்தில் வந்து நின்றது. வறண்ட உதடு அசைந்தது. குனிந்தேன்.

“பாரு… இப்பதான் நெஜமாவே மந்திரிச்சு வுட்ட கோழி.”

நாலு வருஷமாக அதை வைத்திருந்தாயா நீ! நான் அழுதேன். சொல்ல வேண்டியதை அப்போதாவது சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். நீ தண்ணீர் கேட்டாய். தண்ணீர் கொடுக்கக் கூடாது. அது உனக்கும் தெரியும். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு பஞ்சைச் சப்பினாய். எல்லாம் முடிந்துவிட்டது, பேச ஒன்றும் மீதியில்லை என்பது போலிருந்தது உன் முகம்.

அதற்குப் பிறகு பதினோரு மாதம். கடைசி மூன்று மாதம் நெல்லித்தோப்பு வீட்டில், தெருவைப் பார்த்த அறையில் படுத்திருந்தாய். டூட்டி முடிந்து நான் வருவேன். இன்றைக்கு என்னென்ன கேஸ், யார் யாரிடம் என்ன இருந்தது என்று கேட்பாய். ஒரு கல்லூரிப் பையன் தன் சிநேகிதி கட்டிய ரிப்பனைக் கழற்ற மறுத்ததைச் சொன்னபோது நீ விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். “அதுவும் மந்திரிச்சதுதான்டி, எழுதிக்கோ.” ஒரு புதன்கிழமை, நான் டூட்டியில் இருந்தபோது, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நீ போய்விட்டாய். மெடலை உன்னோடேயே அனுப்பிவிட்டார் அப்பா.

போன நவம்பரில் கல்லறைத் திருநாளன்று அவரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். கல்லறைத் தோட்டம் முழுக்கச் சாமந்தியும் மெழுகுவர்த்தியும் கூட்டமும். உன் கல்லை நாங்கள் கழுவிப் பூ வைத்தோம். இளம் வயது சாமியார் ஒருவர் வரிசையாக வந்தார். இந்தக் கல்லறையைப் புனிதப்படுத்தியருளும் என்று நல்ல தமிழில் செபித்து, தண்ணீர் தெளித்துவிட்டு அடுத்த கல்லுக்குப் போனார். அப்பாவுக்குக் காது மந்தம். கைத்தடியை ஊன்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“இன்னாம்மா சொல்லிட்டுப் போறாரு? மந்திரிச்சாச்சா இல்லியா?”

“மந்திரிச்சாச்சுப்பா” என்றேன்.

அப்புறம்தான் அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். கேட்டுக்கு நடக்கும்போது அவராகச் சொன்னார். சின்ன வயதில் நீ நச்சரிப்பாயாம், மந்திரித்தால் அந்தப் பொருளுக்கு என்ன ஆகிறது என்று. “ஒன்னும் ஆவாதுன்னுதான் சொல்லுவேன். மெடலு மெடலாத்தான் இருக்கும், உப்பு உப்பாத்தான் இருக்கும். ஆனா அதுக்கப்புறம் அதக் குப்பையில போட மனசு வராது. அவ்ளோதாம்மா.”

எனக்குச் சாமி நம்பிக்கை முன்பு எவ்வளவோ இப்போதும் அவ்வளவுதான். மந்திரித்ததால் ஒரு புண் ஆறியதை நான் பார்த்ததில்லை. ஆனால் நீ கேட்டு ஒருவர்கூட உன்னிடம் இல்லை என்று பொய் சொன்னதையும் பார்த்ததில்லை.

நாளைக்கு ஏழு மணி டூட்டி. மூன்று கேஸ் போட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கிறவராம், ஃபாரத்தைத் தானே படித்து நிரப்பித் தந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். நிரப்பட்டும். வாங்கி வைத்துக்கொண்டு, பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உன் குரலில் ஒரு தடவை கேட்பேன்.